இடுப்புத் துப்பாக்கியும் எழுதிவைத்த விதியும்: அமெரிக்கக் காவல்துறையின் ஒரு நூற்றாண்டு

1971ஆம் ஆண்டில் நியூயார்க் நகரக் காவலர்கள் இடுப்பில் அணிந்திருந்தது ஆறு தோட்டாக்கள் கொள்ளும் .38 ரிவால்வர். அந்த ஓராண்டில் அவர்கள் சுட்டதில் 93 பேர் இறந்தார்கள், 221 பேர் காயமடைந்தார்கள். அதே ஆண்டில் 12 காவலர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2010இல் அதே நகரக் காவலர்களில் பெரும்பாலோர் அணிந்திருந்தது பதினாறு தோட்டாக்கள் கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டல். அந்த ஆண்டில் அவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 8 பேர்.

இரண்டு கணக்குகளும் அந்தக் காவல்துறை தானே தொகுத்து வெளியிட்ட அறிக்கையில் இருப்பவை. துப்பாக்கியின் கொள்ளளவு இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியது, இறப்போ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அப்படியானால் காவலர் கையிலிருக்கும் ஆயுதத்தின் வலிமை மட்டுமே விளைவைத் தீர்மானிப்பதில்லை. வேறு எது தீர்மானிக்கிறது என்பதை அறிய, அமெரிக்கக் காவலர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் எதை அணிந்தார்கள், எதற்காக மாற்றினார்கள், மாற்றியபின் என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஒரே துப்பாக்கி, ஒரே பயிற்சி

1829இல் லண்டனில் தொடங்கிய பெருநகரக் காவல்படை, துப்பாக்கி இல்லாத காவலரையே முன்மாதிரியாக நிறுத்தியது. அதைப் பார்த்து 1845இல் நியூயார்க் நகரம் தன் காவல்படையை அமைத்தது. தொடக்கத்தில் அங்கும் தடிதான் காவலரின் ஆயுதம். ஆனால் துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டில் அந்த நிலை நீடிக்கவில்லை. காவலர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சொந்தக் காசில் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருவரிடம் இருந்த தோட்டா இன்னொருவரின் துப்பாக்கியில் நுழையாது. குறி பார்த்துச் சுட யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட். 1895 முதல் 1897 வரை நியூயார்க் காவல் ஆணையர் குழுவின் தலைவராக இருந்த அவர், கோல்ட் நிறுவனத்தின் 'நியூ போலீஸ்' என்ற .32 ரிவால்வரைப் படை முழுவதற்கும் பொதுவாக்கினார். கூடவே காவலர்களுக்கென்று ஒரு துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியையும் ஏற்படுத்தினார். இந்த இரண்டாவது வேலைதான் பெரியது. ஆயுதம் கொடுத்தால் பயிற்சியும் கொடுத்தாக வேண்டும் என்பதை ஒரு நகர நிர்வாகம் ஒப்புக்கொண்ட தருணம் அது. அடுத்த நூறாண்டுகளில் இந்தப் பாடத்தை அமெரிக்கக் காவல்துறைகள் பலமுறை மறந்தன. ஒவ்வொரு முறையும் அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தன.

.38 ஸ்பெஷலின் காலம்

1899இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த தோட்டாதான் .38 ஸ்பெஷல். 1957இல் 'மாடல் 10' என்று பெயர் மாறிய இந்த ரிவால்வர் இதுவரை 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. 1927இல் கோல்ட் நிறுவனம் 'அஃபிஷியல் போலீஸ்' என்ற போட்டித் துப்பாக்கியையும், சாதாரண உடையில் சுற்றும் துப்பறிவாளர்களுக்காக இரண்டு அங்குலக் குழல் கொண்ட 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற சிறிய ரிவால்வரையும் விற்பனைக்கு விட்டது. 1980கள் வரை அமெரிக்கக் காவலரின் உறையில் இருந்தது பெரும்பாலும் இந்த இரு நிறுவனங்களின் ரிவால்வர்தான்.

அது இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதன் எளிமை. விசையை ஒருமுறை இழுத்தால் உருளை ஓர் அறை சுழன்று புதிய தோட்டாவைக் குழலுக்கு நேராக நிறுத்தும். சுத்தி பின்னால் போகும். பிறகு விடுபட்டுத் தோட்டாவை அடிக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். மாதக்கணக்கில் உறையிலேயே கிடந்தாலும் பழுதாகாது. இந்த இழுப்புக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ அழுத்தம் தேவை. அதனால் பதற்றத்தில் விரல் பட்டதும் வெடித்துவிடாது. இந்தக் கனமான விசையே ஒரு பாதுகாப்புப் பூட்டாக இருந்தது என்பது, அது இல்லாமல் போனபின்புதான் பலருக்கும் புரிந்தது.

குறைகளும் உண்டு. ஆறு தோட்டாக்கள் தீர்ந்தால் உருளையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளி, காலிக் கூடுகளைக் கொட்டி, இடைவாரில் செருகிய புதிய தோட்டாக்களை விரலால் எடுத்து நுழைக்க வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது நடுங்கும் கையால் செய்ய வேண்டிய வேலை இது. உருண்டை முனை கொண்ட ஈயத் தோட்டா, கார் கதவின் தகட்டிலும் கண்ணாடியிலும் பட்டு வலுவிழந்தது. 1930களில் வேகமான கார்களில் தப்பிய கொள்ளையர்களை எதிர்கொண்டபோது இந்தக் குறை வெளியே தெரிந்தது. 1933 ஜூன் 17 அன்று கன்சாஸ் சிட்டி ரயில் நிலையத்தில் கைதி ஒருவரை அழைத்துச் சென்ற அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே துப்பாக்கி ஏந்தும் அதிகாரத்தைச் சட்டம் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர்களுக்கு வழங்கியது. 1935இல் இன்னும் வலிய .357 மேக்னம் தோட்டா வந்தது. அதற்கான முதல் ரிவால்வர் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் பரிசாகப் போனது. அன்று முதல் ஒவ்வொரு துயரச் சம்பவத்துக்கும் பதிலாக மேலும் வலிய துப்பாக்கியைத் தேடும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது.

நியூஹால் கற்பித்தது

1970 ஏப்ரல் 5 நள்ளிரவை ஒட்டி, கலிபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில் நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒரு காரை நிறுத்தினார்கள். அதில் இருந்த இருவரும் பலவகைத் துப்பாக்கிகளோடு தயாராக இருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு காவலர்கள் இறந்துகிடந்தார்கள். நால்வரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். அவ்வழியே வந்த ஒரு வாகன ஓட்டி இறங்கி ஓடிவந்து, வீழ்ந்த காவலரின் ரிவால்வரை எடுத்துச் சுட்டு உதவ முயன்றார் என்பதும் அந்த இரவின் பதிவில் இருக்கிறது.

நால்வரில் ஒருவர் தம் ஆறு தோட்டாக்களும் தீர்ந்தபின், கார் மறைவில் அமர்ந்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அவர் காலிக் கூடுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாகவும், பயிற்சிக் களத்தில் கூடுகளைப் பொறுக்கிப் பழகிய கை அப்படிச் செய்துவிட்டதாகவும் ஒரு கதை பல்லாண்டுகள் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லப்பட்டது. பின்னாளில் விசாரணை ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், கூடுகள் தரையில்தான் கிடந்தன என்று காட்டினார்கள். கதை பொய்த்தாலும் பயிற்சியின் ஓட்டை மெய். காவலர்கள் மென்மையான .38 தோட்டாவில் பழகிவிட்டு, வேலையில் கடுமையாக உதைக்கும் .357 தோட்டாவை நிரப்பிச் சென்றார்கள். சந்தேக வாகனத்தை எப்படி அணுகுவது, துணைக்கு வரும் காவலர் எங்கே நிற்பது என்பதற்கு உறுதியான நடைமுறை பழக்கப்படுத்தப்படவில்லை.

கலிபோர்னிய நெடுஞ்சாலைக் காவல்துறை இதிலிருந்து கற்ற விதம் பாராட்டத்தக்கது. துப்பாக்கியை உடனே தூக்கி எறியவில்லை. ஆறு தோட்டாக்களையும் ஒரே தள்ளலில் நிரப்பும் வட்டக் கருவியைக் காவலர்களுக்குத் தந்தது. வேலையில் பயன்படுத்தும் தோட்டாவிலேயே பயிற்சி பெறச் செய்தது. வாகனத்தை நிறுத்தும் முறையைப் படிப்படியாக எழுதிவைத்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

அதே பத்தாண்டில் வந்த இன்னொரு மாற்றம் துப்பாக்கியைச் சேர்ந்ததே அல்ல. வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் கண்டறிந்த நார்வகையிலிருந்து பிறந்த கெவ்லாரை வைத்து, சட்டைக்குள் அணியும் மெல்லிய கவசம் உருவாக்கப்பட்டது. அன்று தெருவில் மிகுதியாகப் புழங்கிய .22, .38 தோட்டாக்களைத் தடுப்பதே அதன் இலக்கு. 1975 டிசம்பரில் சியாட்டில் நகரில் அது முதன்முதலாக ஒரு காவலரின் உயிரைக் காத்தது. அதன்பின் இத்தகைய கவசங்களால் பிழைத்த காவலர்கள் 3,000க்கும் மேற்பட்டவர்கள். எந்தப் புதிய கைத்துப்பாக்கிக்கும் இத்தனை உயிரைக் காத்ததாகக் காட்டும் கணக்கு இல்லை.

சுடக்கூடாது என்று எழுதியபோது

நியூயார்க் நகர எண்கள் சரியத் தொடங்கியது 1970களின் முற்பகுதியில். காவலர்கள் பிஸ்டலுக்கு மாறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே. ஆணையர் பாட்ரிக் மர்ஃபி 1972 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். எச்சரிக்கைக்காக வானத்தை நோக்கிச் சுடுவது கூடாது. ஓடும் காரிலிருந்தோ, ஓடும் காரை நோக்கியோ சுடுவது மிகக் குறுகிய விதிவிலக்குகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் துப்பாக்கி. காவலர் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் விளக்கம் எழுதப்பட வேண்டும். அந்த விளக்கத்தை மேலதிகாரிகள் குழு ஆராய வேண்டும்.

இந்த ஆணையின் விளைவை அளந்தவர் ஜேம்ஸ் ஃபைஃப். அதே காவல்துறையில் லெஃப்டினன்டாக இருந்து, பின்னர் ஆய்வாளரானவர். 1971 முதல் 1975 வரையிலான துப்பாக்கிச்சூட்டுப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். புதிய விதிக்குப்பின் காவலர்கள் சுடுவது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. மிகுதியாகக் குறைந்தவை, தப்பியோடுபவரைச் சுடுவது போன்ற சர்ச்சைக்குரிய சூடுகள். விதி வந்தால் காவலர் கை கட்டப்படும், அவர் உயிருக்கு ஆபத்து கூடும் என்ற அச்சம் அன்றும் பலமாக இருந்தது. ஃபைஃபின் ஆய்வில் அது மெய்ப்படவில்லை. காவலர்களுக்கு நேர்ந்த காயங்களும் இறப்புகளும் கூடவில்லை, குறைந்தன.

குற்றம் குறைந்ததால் இது நடந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் 1972 முதல் 1975 வரை அந்நகரில் ஒவ்வோர் ஆண்டும் 1,500க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. வன்முறை மிகுந்திருந்த காலத்திலேயே காவலர் சுடுவது குறைந்தது. 1990களிலிருந்து நகரில் குற்றம் பெருமளவு வீழ்ந்ததும் பிந்திய சரிவுக்கு ஒரு முக்கியக் காரணம்தான். முதல் சரிவுக்கு அது காரணமாக இருக்க முடியாது.

ஒரு நகரத்தின் விதி நாட்டின் சட்டமாக இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1974 அக்டோபர் 3 இரவு, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பிக்கப் பார்த்த கார்னர் என்ற 15 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் பின்தலையில் சுட்டார். சிறுவனிடம் ஆயுதம் இல்லை என்று தாம் ஏறக்குறைய உறுதியாக நம்பியதை அந்தக் காவலரே பின்னர் ஒப்புக்கொண்டார். சிறுவனிடம் கிடைத்தது ஒரு பணப்பையும் பத்து டாலரும். பெருங்குற்றம் செய்துவிட்டு ஓடுபவரை எப்படியும் சுடலாம் என்ற ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய விதியை டென்னசி மாநிலச் சட்டம் அப்படியே வைத்திருந்தது. 'டென்னசி எதிர் கார்னர்' வழக்கில் 1985 மார்ச் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், ஆபத்து விளைவிக்காத ஒருவர் தப்புகிறார் என்பதற்காக மட்டும் அவரைக் கொல்வது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. தோட்டாவின் கனமும் குழலின் நீளமும் எத்தனையோ முறை மாறிய நூற்றாண்டில், உயிரின் மதிப்பை நேரடியாகப் பேசிய மாற்றம் இதுதான்.

மயாமியும் பிஸ்டலின் எழுச்சியும்

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் அடுக்கப்பட்டிருக்கும். வெடிப்பின் உதைப்பே மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். தீர்ந்தால் வேறு மேகசினைச் செருகினால் போதும். இல்லினாய் மாநிலக் காவல்துறை 1967இலேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 9 மி.மீ. 'மாடல் 39' பிஸ்டலுக்கு மாறியது. மற்றவர்கள் தயங்கினார்கள். தயக்கத்துக்கு அடிப்படையும் இருந்தது. 1974 மார்ச் 20 அன்று லண்டனில் பிரிட்டன் இளவரசி ஆன் என்பவரைக் கடத்த முயன்றவனை எதிர்த்து நின்ற மெய்க்காவலரின் வால்தர் பிஸ்டல் முதல் சூட்டுக்குப்பின் சிக்கிக்கொண்டது. மூன்று தோட்டாக்களைத் தம் உடலில் வாங்கிக்கொண்டு அவர் இளவரசியைக் காத்தார். அதன்பின் லண்டன் காவல்துறை அந்த வகைப் பிஸ்டலைக் கைவிட்டு ரிவால்வருக்குத் திரும்பியது.

அமெரிக்காவில் தயக்கத்தை உடைத்தது 1986 ஏப்ரல் 11. மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் வழிமறித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் 140க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் வெடித்தன. இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள், கொள்ளையர் இருவரும் இறந்தார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. தோட்டா கொள்ளையர் ஒருவரின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதன்பின்தான் அவர் முகவர்கள் இருவரையும் கொன்றார்.

இந்த ஓர் அங்குலத்தைச் சுற்றி அடுத்த முப்பது ஆண்டுகள் சுழன்றன. கைத்துப்பாக்கித் தோட்டா தசையைப் போன்ற ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று எஃப்.பி.ஐ. அளவுகோல் வகுத்தது. முதலில் 10 மி.மீ. பிஸ்டலைத் தேர்ந்தது. அது பெரிதாகவும் கடுமையாக உதைப்பதாகவும் இருந்ததால், வலுவைக் குறைத்த தோட்டாவைப் பயன்படுத்த நேர்ந்தது. அந்த வழியிலேயே 1990இல் .40 தோட்டா பிறந்து, காவல்துறைகளில் வேகமாகப் பரவியது. இறுதியில், 2010களின் நடுவில், எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்கே திரும்பியது: தோட்டாவின் வடிவமைப்பு முன்னேறிவிட்டது, உதைப்பு குறைந்தால் பெரும்பாலோர் துல்லியமாகச் சுடுகிறார்கள் என்பது காரணம். அன்று மயாமியில் எதிரியின் கையில் இருந்தது ஒரு ரைஃபிள். எந்தக் கைத்துப்பாக்கியும் அதற்கு ஈடல்ல. திட்டமிடலும் தகுந்த ஆயுதத்தைக் கையெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் தோட்டாவின் விட்டத்தைவிட முக்கியம் என்ற முடிவு அங்கேயே இருந்தது. அதைவிடத் தோட்டாவைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது.

இந்த வேளையில்தான் ஆஸ்திரியாவின் க்ளாக் பிஸ்டல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்தது. 1982இல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக உருவானது. பிளாஸ்டிக் உடல், குறைந்த எடை, 17 தோட்டாக்கள். பழைய ரிவால்வர்களை ஏற்றுக்கொண்டு அவற்றின் விலையைக் கழித்துப் புதிய பிஸ்டல் தரும் ஏற்பாடு நிதி நெருக்கடியில் இருந்த நகரங்களை ஈர்த்தது. அப்படித் திருப்பித் தரப்பட்ட காவல்துறை ரிவால்வர்கள் தனியார் சந்தைக்குப் போயின. அவற்றில் சில, குற்றம் நடந்த இடங்களில் மறுபடி அகப்பட்டன.

மென்மையான விசையின் விலை

க்ளாக்கின் விசையை இழுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ அழுத்தமே போதும். ரிவால்வருக்குத் தேவைப்பட்டதில் பாதி. பிடியில் தனியாகத் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பயிற்சி பெற்ற கைக்கு இது வசதி, பயிற்சி இல்லாத கைக்கு ஆபத்து. 1980களின் இறுதியில் க்ளாக்குக்கு மாறிய வாஷிங்டன் நகரக் காவல்துறையில், அடுத்த பத்தாண்டுகளில் 120க்கும் மேற்பட்ட முறை துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று 1998இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் வெளிப்படுத்தியது. காவலர்கள் 19 பேர் தவறுதலாகத் தங்களையோ சக காவலரையோ சுட்டிருந்தார்கள். புதியவர்கள் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டார்கள், பயிற்சி தேய்ந்துபோயிருந்தது. அந்தத் தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய பலன், அதன்பின் பயிற்சியும் விதிகளும் திருத்தப்பட்டு அங்கே சூடுகள் விரைவாகக் குறைந்ததுதான்.

நியூயார்க் 1993இல் பிஸ்டலை அனுமதித்தபோது, ரிவால்வரைப் போலவே ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டிய கனமான விசையோடு அதை வாங்கியது நிதானமான முடிவு. ஆனாலும் கொள்ளளவு தன் வேலையைக் காட்டியது. 1999 பிப்ரவரி 4 அன்று கினி நாட்டிலிருந்து வந்த அமடூ டியாலோ என்ற இளைஞரை, அவருடைய வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தபோது, நான்கு காவலர்கள் 41 முறை சுட்டார்கள். 19 தோட்டாக்கள் பட்டன. அவர் எடுக்க முயன்றது பணப்பை. இரு காவலர்கள் தலா 16 தோட்டாக்களையும் தீர்த்திருந்தார்கள். ரிவால்வராக இருந்திருந்தால் அந்த இருவரும் ஆறுடன் நின்றிருப்பார்கள். நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது.

கூடுதல் தோட்டா கூடுதல் துல்லியம் ஆகாது. 1998 முதல் 2006 வரை நியூயார்க் காவலர்கள் எதிரியோடு சுட்டுக்கொண்டபோது, நூறு தோட்டாக்களில் 18 மட்டுமே குறியில் பட்டன. எதிரி சுடாதபோதுகூட 30தான் என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு கணக்கிட்டது. மீதித் தோட்டாக்கள் சுவரிலும் சாலையிலும், சில வேளை வழிப்போக்கர் மீதும் போய்ச் சேர்கின்றன. உடலைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவரைத் தாக்காதிருக்கவே, அந்நகரம் 1998இல் குழிமுனைத் தோட்டாவுக்கு மாறியது. கொல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்யப்பட்ட விரியும் தோட்டாக்களின் வழிவந்தது அது. 1899இன் ஹேக் பிரகடனம் போரில் தடை செய்த இந்த வகை, உள்நாட்டுக் காவலில் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. நெரிசல் மிகுந்த தெருவில் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் எந்தத் தோட்டாவாலும் சுடாமல் விட்டிருக்கக்கூடிய தருணத்தைத் திருப்பித் தர முடியாது.

எண்ணுவது கடமை

இந்த நூறாண்டில் இருதரப்பு உயிர்களையும் காத்தவை எவை என்று தொகுத்தால், கவசம், வேலைக்கு ஏற்ற பயிற்சி, எப்போது சுடக்கூடாது என்று தெளிவாகச் சொல்லும் விதி, சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் பதிவு செய்து ஆராயும் பழக்கம் ஆகியவையே முன்னால் நிற்கின்றன. காவலரின் அச்சம் உண்மையானது. நியூஹாலில் வீழ்ந்த நான்கு இளைஞர்களுக்கும் மயாமியில் வீழ்ந்த இரு முகவர்களுக்கும் நல்ல ஆயுதம் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்வது சரியே. அதற்கும் முன்னால் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது நல்ல தயாரிப்பு.

இன்றும் அமெரிக்கா முழுவதற்கும் முழுமையான அரசுக் கணக்கு ஒன்று இல்லை. எஃப்.பி.ஐ. 2019இல் தொடங்கிய தேசியப் பதிவில் காவல்துறைகள் விரும்பினால் சேரலாம். 2015 முதல் 2024 வரை 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் ஒவ்வொரு சம்பவமாகச் சேர்த்த கணக்கின்படி, ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் பேர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நியூயார்க்கால் தன் எண்ணைக் குறைக்க முடிந்ததற்கு முதல் காரணம், அது தன் எண்ணை எழுதிவைத்ததுதான்.

எந்த நாட்டிலும் காவல்துறைக்குப் புதிய துப்பாக்கி வாங்கப்படுகிறது என்ற செய்தி வந்தால், அதன் விலையையும் கொள்ளளவையும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதை ஏந்துபவருக்கு ஆண்டுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, சுடக்கூடாத தருணங்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன, கடந்த ஆண்டில் சுட்ட தோட்டாக்களின் கணக்கு எங்கே வெளியிடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தராத அரசு, தன் காவலரையும் காக்கவில்லை, தன் குடிமக்களையும் காக்கவில்லை.